கண் கண்டதும் கூட்டம் சொன்னதும்

வாசிக்கும் முன் சிந்திப்போம்
உங்கள் கருத்து சரியென்று உறுதியாகத் தெரிந்தும், மற்றவர்கள் வேறுவிதமாகச் சொன்னதால் நீங்கள் அமைதியாக இருந்ததுண்டா? அப்போது உங்களைத் தடுத்தது எது?

பெருவிரைவு ரயில் நிலையத்தின் மின்படிகளைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலோர் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கின்றனர். வலப்பக்கம் அவசரமாகச் செல்வோருக்கு விடப்படுகிறது. சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர் முன்னால் நிற்பவர்களைப் பார்க்கிறார். தாமும் இடப்பக்கம் ஒதுங்கிக்கொள்கிறார். சில நாள்களில் அது அவருடைய பழக்கமாகிவிடுகிறது. அதன்பின் வருபவர் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்.

இந்தச் சிறிய செயலில் இரண்டு திசைகள் உள்ளன. சமூகம் ஒரு மனிதரின் பழக்கத்தை உருவாக்குகிறது. அந்த மனிதர் தம் செயலால் அந்தச் சமூகப் பழக்கத்தை உயிரோடு வைத்திருக்கிறார். தனிமனிதரின் மனமும் சமூகமும் ஒன்றையொன்று உருவாக்கும் விதத்தை ஆராயும் துறை சமூக உளவியல் எனப்படுகிறது. ஒருவருடைய நடத்தையை அவருடைய இயல்பை மட்டும் கொண்டு விளக்க முடியாது. அவர் இருக்கும் சூழலையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று உளவியலாளர் குர்ட் லெவின் 1936ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இத்துறையின் அடிப்படைக் கருத்து அதுவே.

கேட்பதற்கு இது எளிமையான கருத்து. ஆனால், சமூகம் நம் மனத்துக்குள் எவ்வளவு தூரம் நுழைகிறது? நாம் கண்ணால் காண்பதைக்கூட அது மாற்றிவிடுமா? அப்படியானால், அதற்கு எதிராகத் தனியொருவர் என்ன செய்ய முடியும்? இக்கேள்விகளுக்கு விடை தேடிய சில ஆய்வுகளைப் பார்ப்போம்.

இருட்டறையில் ஓர் ஒளிப்புள்ளி

துருக்கியில் பிறந்த முசாஃபர் ஷெரிஃப் என்னும் உளவியலாளர் 1935ஆம் ஆண்டில் தம் ஆய்வு ஒன்றை வெளியிட்டார். முற்றிலும் இருண்ட அறையில் அசையாத ஒரு சிறு ஒளிப்புள்ளியை உற்றுநோக்கினால், அது நகர்வதுபோல் தோன்றும். சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் இல்லாததால் ஏற்படும் கண்மயக்கம் இது. அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று சொல்லும்படி ஷெரிஃப் பங்கேற்பாளர்களைக் கேட்டார்.

தனித்தனியாகப் பார்த்தபோது ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவைச் சொன்னார்கள். சிலருக்கு அது ஓரிரு அங்குலமே நகர்ந்தது. சிலருக்கு அதைவிடப் பல மடங்கு நகர்ந்தது. பிறகு அவர்களை இருவர், மூவராகச் சேர்த்து அமரவைத்து, விடைகளை வாய்விட்டுச் சொல்லச் செய்தார். சற்று நேரத்தில் அவர்களின் விடைகள் ஒன்றையொன்று நெருங்கின. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, வாதிடவும் இல்லை. ஆயினும், குழுவுக்கென்று ஒரு பொது அளவு உருவாகிவிட்டது.

மேலும் வியப்பான செய்தி அடுத்து வந்தது. குழுவில் இருந்தவர்கள் மீண்டும் தனியாகப் பார்த்தபோதும் குழுவின் அளவையே பெரும்பாலும் பின்பற்றினார்கள். பக்கத்தில் யாரும் இல்லை; ஆயினும் குழு அவர்களின் மனத்துக்குள் இருந்தது. இவ்வாறு ஒரு குழு தனக்கென ஏற்படுத்திக்கொள்ளும் பொது அளவை அல்லது நடைமுறையைச் சமூக நெறி என்கிறோம்.

1961ஆம் ஆண்டில் ஜேக்கப்ஸ், கேம்பல் என்னும் இருவர் இந்த ஆய்வை மேலும் நீட்டித்தனர். வேண்டுமென்றே மிகைப்படுத்திய ஓர் அளவைச் சொல்லும்படி சிலருக்குச் சொல்லிவைத்து, அவர்களைக் குழுவில் அமர்த்தினர். பின்னர் அவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றிப் புதியவர்களைச் சேர்த்தனர். தவறான அளவைத் தொடங்கிவைத்தவர்கள் அனைவரும் போன பிறகும், அதன் தாக்கம் சில தலைமுறைப் பங்கேற்பாளர்கள்வரை நீடித்தது. பின்னர்தான் அது மெல்ல மெல்ல மறைந்தது. யார் தொடங்கினார், ஏன் தொடங்கினார் என்று தெரியாமலேயே நாம் பின்பற்றும் பழக்கங்கள் எப்படி நிலைக்கின்றன என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது.

மூன்று கோடுகள்

ஒளிப்புள்ளியின் அசைவு தெளிவற்ற ஒன்று. தெளிவில்லாதபோது பிறரைப் பார்த்து முடிவெடுப்பது இயல்புதானே என்று நீங்கள் கேட்கலாம். விடை பளிச்சென்று தெரியும்போது மனிதர் என்ன செய்வார்? இதை ஆராய்ந்தவர் சாலமன் ஆஷ்.

ஆஷ் 1907ஆம் ஆண்டில் போலந்தின் வார்சாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது, பாஸ்கா பண்டிகை இரவில் வீட்டுப் பெரியவர்கள் எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு கிண்ணத்தில் திராட்சை ரசம் ஊற்றி வைத்தார்கள். அவர் வந்து பருகினால் கிண்ணத்தில் ரசம் குறையும், உற்றுப் பார் என்று மாமா சொன்னார். சிறுவன் உற்றுப் பார்த்தான். ரசம் சற்றே குறைந்ததுபோலவே அவனுக்குத் தோன்றியது. பிற்காலத்தில் ஆஷ் இந்த நினைவைத் தம் ஆய்வோடு தொடர்புபடுத்திப் பேசியுள்ளார்.

1950களின் தொடக்கத்தில் ஆஷ் நடத்திய ஆய்வு இது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகள். முதல் அட்டையில் உள்ள கோட்டின் நீளம் இந்த மூன்றில் எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும். சிறு குழந்தையும் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். தனியாகக் கேட்டபோது தவறு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

ஆனால், அறையில் கல்லூரி மாணவர்கள் பலர் வரிசையாக அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவரே உண்மையான பங்கேற்பாளர். மற்ற அனைவரும் ஆஷுடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டவர்கள். இது அந்த ஒருவருக்குத் தெரியாது. அவருடைய முறை வரிசையின் இறுதிப் பகுதியில் வரும்படி இருக்கைகள் அமைக்கப்பட்டிருந்தன. மொத்தம் 18 முறை கேள்வி கேட்கப்பட்டது. அவற்றுள் 12 முறை மற்ற அனைவரும் தயக்கமின்றி ஒரே தவறான விடையைச் சொன்னார்கள்.

பங்கேற்பாளரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர் கண் ஒன்றைச் சொல்கிறது. அறை முழுவதும் வேறொன்றைச் சொல்கிறது. சிலர் நெற்றியைச் சுருக்கினர். சிலர் அட்டையைச் சாய்ந்து பார்த்தனர். சிலர் சங்கடத்தோடு சிரித்தனர். 1955ஆம் ஆண்டில் ஆஷ் வெளியிட்ட கட்டுரையின்படி, 123 பங்கேற்பாளர்களின் விடைகளில் 36.8 விழுக்காடு கூட்டத்தின் தவறான விடையை ஒட்டி அமைந்தன. அதேவேளையில், ஏறக்குறைய நால்வரில் ஒருவர் கடைசிவரை ஒருமுறைகூட இணங்கவில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஏன் இணங்கினார்கள்?

ஆய்வு முடிந்ததும் ஆஷ் ஒவ்வொருவரிடமும் பேசினார். இணங்கியவர்கள் சொன்ன காரணங்கள் வேறுபட்டன. இத்தனை பேர் தவறாகச் சொல்ல மாட்டார்கள், என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று சிலர் எண்ணினர். மற்றவர்கள் முதலில் சொன்னவரைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றுகிறார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டனர். ஆனால் தம் முறை வந்தபோது அவர்களும் அதையே செய்தனர். தனித்து நிற்கக் கூச்சப்பட்டவர்களும் இருந்தனர்.

இவற்றிலிருந்து இருவகை இணக்கத்தை நாம் பிரித்தறியலாம். ஒன்று, பிறருக்கு நம்மைவிட அதிகம் தெரியும் என்ற நம்பிக்கையால் வருவது. மற்றொன்று, பிறர் நம்மை ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தால் வருவது. விடைகளை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது தவறுகள் பெரிதும் குறைந்தன. எனவே, பலருக்கு உண்மை தெரிந்தே இருந்தது. அதைப் பலர் முன்னிலையில் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

வாழும் சமூகமும் இதில் பங்கு வகிக்கிறது. இத்தகைய கோட்டு ஆய்வுகள் 17 நாடுகளில் 133 முறை நடத்தப்பட்டிருந்தன. ராட் பாண்ட், பீட்டர் ஸ்மித் என்னும் இருவர் அவற்றைத் தொகுத்து 1996ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். தனிமனிதரைவிடக் குழுவுக்கு முதன்மை தரும் சமூகங்களில் இணக்கம் அதிகமாகக் காணப்பட்டது. அமெரிக்காவிலோ 1950களுக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்திருந்தது. மனித மனம் எங்கும் எக்காலத்திலும் ஒரேபோல் வளைவதில்லை. இடமும் காலமும் அதன் வளைவைத் தீர்மானிக்கின்றன.

இணங்குவது எப்போதும் குறையன்று. வரிசையில் நிற்பதும், உணவங்காடி நிலையத்தில் உண்டபின் தட்டைத் திருப்பி வைப்பதும், நூலகத்தில் குரலைத் தாழ்த்துவதும் இணக்கமே. ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்று நம் முன்னோர் சொன்னதன் பயனை இவற்றில் காணலாம். கூட்டம் தவறு செய்யும்போதும் அதனோடு ஒத்துப்போவதுதான் சிக்கல்.

துணைக்கு ஒரு குரல்

ஆஷ் தம் ஆய்வில் ஒரு மாற்றம் செய்தார். கூட்டத்தில் இருப்பவர்களுள் ஒருவரை மட்டும் சரியான விடையைச் சொல்லும்படி அமைத்தார். மற்றவர்கள் வழக்கம்போல் தவறாகவே சொன்னார்கள். பங்கேற்பாளர்களின் தவறுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. கூட்டத்தின் அளவு குறையவில்லை. அதன் ஒருமித்த தன்மை மட்டுமே உடைந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த ஒருவர் சரியான விடையைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கூட்டம் சொன்னதிலிருந்து மாறுபட்டு வேறொரு தவறான விடையைச் சொன்னபோதும், பங்கேற்பாளர்கள் தம் கண்ணை நம்பத் துணிந்தார்கள். மாறுபடலாம் என்ற வாய்ப்பே அவர்களை விடுவித்தது. இன்னொரு முறை, துணை நின்றவர் பாதியில் ஒரு காரணம் சொல்லி அறையைவிட்டு வெளியேறினார். அவர் போன பிறகும், அவர் கொடுத்த துணிவு முழுமையாகக் கலையவில்லை.

‘தனி மரம் தோப்பாகாது’ என்பது பழமொழி. ஆயினும், ஒரு மரம் நின்றால் இன்னொரு மரம் நிற்கத் துணிகிறது என்பதை இந்த ஆய்வு நமக்குக் கற்பிக்கிறது.

சிறுபான்மையின் உறுதி

இதுவரை கூட்டம் தனிமனிதரை மாற்றுவதைப் பார்த்தோம். சிலர் சேர்ந்து கூட்டத்தையே மாற்ற முடியுமா? ருமேனியாவில் பிறந்து பிரான்சில் பணியாற்றிய செர்ஜ் மொஸ்கோவிச்சி 1969ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்தார். அறுவர் கொண்ட குழுக்களுக்கு 36 நீலப் படவில்லைகள் காட்டப்பட்டன. ஒவ்வொன்றின் நிறத்தையும் சொல்ல வேண்டும். இம்முறை அறுவரில் இருவர் மட்டுமே சொல்லிவைக்கப்பட்டவர்கள். அவர்கள் அனைத்தையும் பச்சை என்றே சொன்னார்கள்.

மற்ற நால்வரின் விடைகளிலும் 8.4 விழுக்காடு பச்சை என்று வந்தது. அந்த இருவரும் சில வேளை பச்சை, சில வேளை நீலம் என்று மாற்றிமாற்றிச் சொன்னபோது அது 1.25 விழுக்காடாகக் குறைந்தது. சிறுபான்மையினரின் எண்ணிக்கை இரு முறையும் ஒன்றுதான். வேறுபாட்டை உண்டாக்கியது அவர்களின் உறுதிப்பாடு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் உள்ளது. படவில்லைகள் உண்மையில் நீலம். அந்த இருவர் உறுதியாகச் சொன்னது பொய். திரும்பத் திரும்ப உறுதியோடு சொல்லப்படுவதால் ஒரு கருத்து உண்மையாகிவிடாது. நம் கைத்தொலைபேசிக்கு நாள்தோறும் வரும் வதந்திகளும் இதே வழியில்தான் வலிமை பெறுகின்றன. எனவே, உறுதியைக் கண்டு மயங்காமல் சான்றைக் கேட்கப் பழக வேண்டும்.

நம் சமூகத்திலிருந்து ஒரு சான்று

ஆய்வுக்கூடத்தில் கண்டதை வரலாற்றிலும் காணலாம். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ராமசாமி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை தந்தார். அவர் தொடங்கிய இயக்கத்தின் பெயரே சுயமரியாதை இயக்கம். தாழ்த்தப்பட்டவர் தம்மைத் தாமே தாழ்வாக எண்ணும்படி சமூகம் பழக்கியிருக்கிறது; அந்த எண்ணம் மாறாமல் சமூகம் மாறாது என்பது அந்தப் பெயருக்குள் அடங்கிய கருத்து.

அக்கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர்களுள் ஒருவர் தமிழவேள் கோ.சாரங்கபாணி. திருவாரூரில் 1903ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1924ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தார். 1932ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். சாதி வேற்றுமையைச் சமூகத்தில் பலர் இயல்பானதாக ஏற்றிருந்த காலம் அது. அதை மறுத்துப் பேசியவர்கள் சிலரே. 1935ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய தமிழ் முரசு இதழ் அந்தச் சிலரின் குரலைப் பலரிடம் கொண்டுசேர்த்தது. 1952ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாள், சாதி சமய வேறுபாடின்றித் தமிழரை ஒரே மேடையில் கூட்டியது. சிறுபான்மையாகத் தொடங்கிய ஒரு கருத்து, பல ஆண்டுத் தொடர் உழைப்பால் பொதுக்கருத்தாக வளர்ந்ததற்கு இது நல்ல சான்று.

வகுப்பறையில் நாம்

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். ஒரு மாணவரின் பேச்சையோ தோற்றத்தையோ யாரோ ஒருவர் கேலி செய்கிறார். இருவர் சிரிக்கின்றனர். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கின்றனர். அவர்களில் பலருக்கு அது தவறென்று தெரியும். ஆனால், ஒவ்வொருவரும் மற்றவர்களின் மௌனத்தைப் பார்த்து, இவர்கள் எல்லாருக்கும் இது சம்மதம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்கின்றனர். கேலிக்கு ஆளானவருக்கோ முழு வகுப்பும் தமக்கு எதிராக நிற்பதாகத் தோன்றுகிறது.

பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய குழுவினரும் பகடிவதையை இந்தக் கோணத்தில் ஆராய்ந்தனர். பகடிவதையில் துன்புறுத்துபவர், துன்புறுபவர் என்ற இருவர் மட்டும் இல்லை என்று 1996ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்துக்காட்டினர். துன்புறுத்துபவருக்கு உதவுவோர், சிரித்து ஊக்குவிப்போர், விலகி நிற்போர், துன்புறுபவருக்குத் துணை நிற்போர் எனப் பலர் அதில் பங்கு பெறுகின்றனர். இதன் அடிப்படையில் டுர்க்கு பல்கலைக்கழகத்தில் ‘கிவா’ என்னும் திட்டம் உருவாக்கப்பட்டு, 2009ஆம் ஆண்டு முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாகச் செயல்படத் தொடங்கியது. வேடிக்கை பார்ப்போரைத் துணை நிற்போராக மாற்றுவதே அத்திட்டத்தின் மையக் கருத்து.

துணை நிற்பதற்குப் பெரிய வீரம் தேவையில்லை. சிரிக்க மறுக்கலாம். ‘இது வேண்டாமே’ என்று ஒரு சொல் சொல்லலாம். கேலிக்கு ஆளானவரின் பக்கத்தில் சென்று அமரலாம். நேரடியாகப் பேசத் தயக்கமாக இருந்தால், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் தெரிவிக்கலாம். ஆஷின் அறையில் ஒரே ஒரு குரல் செய்த வேலையை இச்சிறு செயல்கள் செய்கின்றன.

சமூகம் நம் மனத்தை உருவாக்குகிறது என்பது உண்மை. அந்தச் சமூகத்தில் நாமும் ஒருவர் என்பதும் அதே அளவு உண்மை. நாம் பிறரைப் பார்த்து முடிவெடுக்கும் அதே நேரத்தில், நம்மைப் பார்த்து முடிவெடுக்க யாரோ ஒருவர் காத்திருக்கிறார். நம் சொல் மட்டுமன்று, நம் மௌனமும் அவருக்கு ஒரு விடைதான்.

அருஞ்சொற்பொருள்
சமூக உளவியல்: தனிமனித மனமும் சமூகமும் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தை ஆராயும் துறை
சமூக நெறி: ஒரு குழு பொதுவாக ஏற்றுப் பின்பற்றும் நடைமுறை
இணக்கம்: பிறரின் கருத்துக்கோ செயலுக்கோ ஒத்துப்போதல்
ஒருமித்த: எல்லாரும் ஒரே கருத்தைக் கொண்ட
படவில்லை: ஒளி பாய்ச்சித் திரையில் காட்டப்படும் சிறு படம்
பகடிவதை: ஒருவரைத் தொடர்ந்து கேலி செய்தோ துன்புறுத்தியோ வருத்துதல்

கருத்தறிதல்
1. ஷெரிஃபின் ஆய்வுக்கும் ஆஷின் ஆய்வுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு யாது?
2. விடைகளைத் தாளில் எழுதச் சொன்னபோது தவறுகள் குறைந்ததிலிருந்து நீங்கள் அறிவது என்ன?
3. மொஸ்கோவிச்சியின் ஆய்வு நமக்குத் தரும் ஊக்கம் எது? எச்சரிக்கை எது?
4. ‘நம் மௌனமும் அவருக்கு ஒரு விடைதான்’ என்னும் தொடரைப் பனுவலின் துணையுடன் விளக்குக.

கலந்துரையாடுவோம்
‘ஊரோடு ஒத்து வாழ்’ என்னும் பழமொழியை எப்போது பின்பற்ற வேண்டும், எப்போது பின்பற்றக் கூடாது? உங்கள் பள்ளி வாழ்க்கையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தந்து குழுவில் கலந்துரையாடுக. கலந்துரையாடும் முன், ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க. உரையாடலின் முடிவில் உங்கள் கருத்து மாறியிருந்தால், அதை மாற்றியது சான்றா, எண்ணிக்கையா என்று சிந்தித்துப் பார்க்க.